50 மீட்டருக்குள் பீரங்கிக் குண்டு: நடந்ததா, வீரக்கதையா?

கேள்வி: ஒரு வாசகர், 5 ஜூலை 2025, இரவு 10:14

போரிலிருந்து திரும்பியவர்களின் பேட்டிகளில் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வருகிறது. "எதிரி நெருங்கிவிட்டான், எங்களுக்கு 50 மீட்டர் முன்னால் பீரங்கிக் குண்டு போடச் சொன்னோம்." 155 மி.மீ. குண்டு வெடித்தால் 50 மீட்டருக்குள் இருப்பவன் பிழைப்பது அரிது என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. அப்படியானால் இவர்கள் எப்படி உட்கார்ந்து பேட்டி கொடுக்கிறார்கள்? ஒரு பூஜ்யம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. தேசிய சேவையில் (சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணி) பீரங்கிப் படையில் இருந்தவர் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

5 ஜூலை, இரவு 11:52

நான் இருந்தேன். 1990களின் தொடக்கம், காத்திப் முகாம், எஃப்.எச்.-88. சிங்கப்பூரே வடிவமைத்துச் செய்த முதல் 155 மி.மீ. பீரங்கி அது. குறிகாட்டிக் கருவியில் கண்ணை ஒட்டிக்கொண்டு கோணம் வைப்பது என் வேலை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் போர் பார்த்தவன் அல்லன். என் காலத்தில் எங்கள் பீரங்கிகள் காயப்படுத்தியது நியூசிலாந்தின் புல்வெளியை மட்டுமே. இந்தத் தீவில் நீளமாகச் சுட்டால் குண்டு அண்டை நாட்டில் போய் விழும், ஆகவே வையூருவுக்கு விமானம் ஏற வேண்டும்.

பூஜ்யம் குறையவில்லை. உங்கள் கணக்கில்தான் கோளாறு. 50 மீட்டர் என்பது சுவர் இல்லை, அதற்கு இப்பால் சாவு, அப்பால் வாழ்வு என்று கோடு கிழிக்க முடியாது. வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்பவனுக்கான கணக்கு அது. படுத்தால் ஒன்று, குழிக்குள் இருந்தால் இன்னொன்று, ஈரச் சேற்றில் குண்டு புதைந்து வெடித்தால் வேறொன்று. துண்டுகள் சில நூறு மீட்டர் பறந்து போய் யாரையாவது அடிப்பதும் உண்டு, 30 மீட்டரில் இருந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதும் உண்டு.

மேலைநாட்டுப் படைகளில் இதற்கு 'டேஞ்சர் குளோஸ்' என்று ஒரு சொல் உண்டு. குண்டு விழவேண்டிய இடம் நம் ஆட்களுக்கு 600 மீட்டருக்குள் வந்துவிட்டால், கேட்பவர் அந்தச் சொல்லை வாய்திறந்து சொல்லியே கேட்க வேண்டும். கடற்படையின் 5 அங்குலப் பீரங்கிக்கு அது 750 மீட்டர். இது தடை இல்லை. "தெரிந்தே கேட்கிறேன்" என்ற ஒப்புதல். அதன்பின் குண்டை ஒரே தாவாகப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. தள்ளிப் போட்டு, விழுந்ததைப் பார்த்து, நூறு மீட்டருக்கு மேல் போகாத சிறு சிறு திருத்தங்களாக இழுக்க வேண்டும். பூனை பால் சட்டியை நெருங்குவதுபோல.

6 ஜூலை, காலை 7:25

எம்ஆர்டியில் வரும்போது தோன்றியது. நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன்.

ஒரே பீரங்கி, ஒரே கோணம், ஒரே அளவு வெடிமருந்து என்று பத்துக் குண்டு சுட்டால் பத்தும் ஒரே குழியில் விழாது. விழும் இடங்களைப் புள்ளி வைத்தால் நீள்வட்டம் வரும். இடவலமாக ஒடுங்கியும், சுடும் திசையில் நீண்டும் இருக்கும். தோட்டக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். இடது வலது உங்கள் கையில் இருக்கும். எவ்வளவு தூரத்தில் விழும் என்பதில்தான் ஆட்டம்.

ஆகவே பீரங்கி எங்கே நிற்கிறது என்பதே பெரிய செய்தி. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று தலைக்கு மேலே சுட்டால், குறைந்து விழும் குண்டு உங்கள் தலையில். பக்கவாட்டில் நின்று உங்கள் முன்வரிசைக்கு இணையாகச் சுட்டால், கூடினாலும் குறைந்தாலும் அது எதிரியின் வரிசையிலேயே விழும். பேட்டியில் '50 மீட்டர்' என்று கேட்டால் இனிமேல் "பீரங்கி எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேளுங்கள்.

6 ஜூலை, இரவு 9:10

"கதையை விடுங்கள், பதிவான ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்கிறார் ஈசூன் நண்பர். சொல்கிறேன்.

லாங் தான், தெற்கு வியட்நாம், 18 ஆகஸ்ட் 1966. ஆஸ்திரேலியப் படையின் டி கம்பெனி, 108 பேர், ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையிடம் சிக்கிக்கொண்டது. பீரங்கிகள் ஏறத்தாழ 5 கி.மீ. மேற்கே நுய் தாத் தளத்தில், மொத்தம் 24. ஆஸ்திரேலியர்களுடையவை, நியூசிலாந்தின் 161ஆம் பேட்டரி (பீரங்கி அணி), அமெரிக்கரின் 155கள். கம்பெனியோடு நடந்துபோய், குண்டு எங்கே விழவேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் பீரங்கிக் கண்காணிப்பாளர் நியூசிலாந்துக்காரர், கேப்டன் மோரி ஸ்டான்லி.

இப்போது இடத்தை நினைத்துப் பாருங்கள். என் அப்பா ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். நிரை பிடித்து நட்ட மரங்கள், மேலே ஒன்றோடொன்று கைகோத்த கிளைகள். அடைமழையில் அதற்குள் நின்றால் அடுத்த நிரையில் ஆள் நிற்பதுகூடப் புகைபோலத்தான் தெரியும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது என்பார். அன்று லாங் தானில் பருவமழை கொட்டியது. ஸ்டான்லியால் தன் குண்டு விழுந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. வரைபடம், வெடிச்சத்தம், முன்னால் மாட்டிக்கொண்ட பிளட்டூன் (கம்பெனியின் ஒரு பிரிவு) ரேடியோவில் சொல்வது, இவ்வளவுதான் கையில். அந்தப் பிளட்டூனில் மிஞ்சியிருந்த சார்ஜன்ட் ஒரு கட்டத்தில், எங்கள் மேலேயே போடுங்கள், எப்படியும் சாகத்தான் போகிறோம் என்ற அளவுக்கு வந்துவிட்டார். ஸ்டான்லி மறுத்தார். அவர்கள் இருக்கும் இடத்தை உறுதிசெய்துகொண்டு, குண்டுகளை மெல்ல மெல்ல நடத்திக்கொண்டுவந்து அவர்களுக்கு 50 முதல் 100 மீட்டருக்குள் நிறுத்தினார்.

மூன்று மணி நேரச் சண்டையில் 3,000க்கும் மேற்பட்ட குண்டுகள். ஆஸ்திரேலியத் தரப்பில் இறந்தவர்கள் 18 பேர். பீரங்கி இல்லாதிருந்தால் 108 பேரில் பெரும்பாலோர் திரும்பியிருக்க மாட்டார்கள் என்று அங்கே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் நான் பெருமையாகச் சொன்ன 'பக்கவாட்டு' விதி அங்கே செல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பீரங்கி மேற்கே, எதிரி கிழக்கே, நடுவில் நம் ஆட்கள். தலைக்கு மேலேதான் சுட்டார்கள். வேறு வழியில்லை.

6 ஜூலை, இரவு 10:35

பிழை நேர்ந்தால் எப்படி நேரும் என்று கேட்ட வாசகருக்கு: பெரும்பாலும் அற்பமாக.

எங்கள் கருவியில் கோணத்தை மில் என்ற அலகில் வைப்போம், முழு வட்டத்துக்கு 6,400 மில். ஒரு மில் பிசகினால் 1 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 1 மீட்டர் விலகும். வையூருவில் ஒரு விடியற்காலை, ருவாபேஹு மலையிலிருந்து வரும் காற்று கையுறைக்குள் புகுந்து விரலை மரக்க வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பேட்டரியில் ஒருவன், ரேடியோவில் வந்த கோணத்தைச் சரியாகக் கேட்டு, சரியாகத் திருப்பிச் சொல்லி, கருவியில் மட்டும் 100 மில் தள்ளி வைத்துவிட்டான். வாய் சொன்னது ஒன்று, விரல் செய்தது ஒன்று. 9 கி.மீ. தொலைவில் அது கிட்டத்தட்ட 900 மீட்டர். மேலே சொன்ன 600 மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சுடுமுன் சரிபார்க்க வந்த பாதுகாப்பு அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். குண்டு குழலுக்குள் இருந்தது, இழுகயிறு இன்னொருவன் கையில் இருந்தது.

7 ஜூலை, மதியம் 12:48

என்னோடு சேவை செய்த ஒருவர் இந்த இழையைப் படிக்கிறார் போலிருக்கிறது. "அந்த ஒருவன் யார் என்பதையும் எழுதலாமே" என்று கேட்டிருக்கிறார்.

நான்தான். போதுமா?

7 ஜூலை, மதியம் 12:55

அதுமட்டும் இல்லை என்கிறார். சரி. அதிகாரி காட்டியபோது நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "சரியாகத்தான் வைத்தேன் சார்" என்று வாதாடினேன். அவர் பேசவில்லை. என் தலையைப் பிடித்துக் கருவியருகே குனிய வைத்தார். 33 ஆண்டுக்குப் பிறகு இதைக் கிளறிய நண்பர் அடுத்த முறை தேக்கா பக்கம் வந்தால் கோப்பிக்கு அவரே பணம் கட்டட்டும்.

9 ஜூலை, இரவு 8:30

இழை எங்கெங்கோ போகிறது. "1942இல் சிங்கப்பூரின் பெரிய பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றன, அதனால்தான் தோற்றோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நானும் அதைத்தான் கேட்டு வளர்ந்தேன். அது பாதி உண்மை, அதாவது பொய்.

சாங்கியில் ஜொகூர் பேட்டரி என்று 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று இருந்தன. அவற்றில் சில நிலப்பக்கம் திரும்பின, சுடவும் செய்தன. குறை வேறிடத்தில். இருப்பில் இருந்த குண்டுகளில் பெரும்பங்கு கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை. அவை மண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதையும், காலாட்படையைச் சிதறடிக்காது. அதோடு, காட்டுக்குள் நகரும் ஆட்களின் மேல் அவ்வளவு பெரிய குண்டைத் தூரத்திலிருந்து போட வேண்டுமென்றால், "இன்னும் இடது, இன்னும் நூறு" என்று சொல்ல ஒரு கண் முன்னால் இருக்க வேண்டும். கண் இல்லாத பீரங்கி வெறும் இரைச்சல். சாங்கியில் காஸ்ஃபர்ட் சாலையில் மாதிரிப் பீரங்கி ஒன்று நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் சாப்பாடு நன்றாகக் கிடைக்கும்.

12 ஜூலை, இரவு 11:20

என் சம்பந்தி வந்திருக்கிறார். மகளைக் கொடுத்த வீடு, வேலூர்ப் பக்கம். இந்தியத் தரைப்படையில் காலாட்படை ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், கார்கிலில் இருந்தவர். எந்தப் பட்டாலியன், எந்த மலை என்று எழுதக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. திராஸ் பகுதி என்று மட்டும் எழுதச் சம்மதித்தார்.

இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முஸ்தபாவில் வாங்கிய டார்ச் விளக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். 50 மீட்டர் பற்றி வந்தபோது சிரித்தார்.

"மலையில் மீட்டர் எங்கே இருக்கிறது சம்பந்தி? மேலே இருப்பவன் உருட்டிவிடும் கல் நம் மேல் விழுந்தால், அது பக்கம்."

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். 1999 கார்கில் போரில் இந்தியப் பீரங்கிகள் ஏறத்தாழ 2,50,000 குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் சுட்டன என்று நாம் படிக்கிறோம். போஃபர்ஸ் 155ஐச் சில இடங்களில் துப்பாக்கிபோல மலைமுகட்டை நேராகக் குறிபார்த்தே சுட்டார்கள். அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவருக்கு நினைவிருப்பது, தங்களோடு மூச்சிரைக்க ஏறிவந்த பீரங்கி அதிகாரியும் அவருடைய ரேடியோவைச் சுமந்த பையனும். அந்த அதிகாரியை 'ஓபி சாகிப்' (ஓபி என்றால் கண்காணிப்பு நிலை) என்றுதான் இன்றும் சொல்கிறார். அந்த ரேடியோ பையன் மேல் பாறைத்துண்டு படாமல் பார்த்துக்கொள்வது தங்கள் வேலைகளில் ஒன்று என்றார். குண்டின் இரும்பைவிட அது பெயர்த்தெடுக்கும் கல்தான் அங்கே பெரிய தொல்லை.

நான் அறியாத ஒன்றும் சொன்னார். சமவெளியில் குண்டு 50 மீட்டர் கூடுதலாகப் போனால் 50 மீட்டர் தள்ளி விழும். கத்திமுனை போன்ற முகட்டில் 50 மீட்டர் கூடினால் அது மறுபக்கப் பள்ளத்தாக்கில் எங்கோ அடியில் போய் வெடிக்கும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. குறைந்தால் கீழே ஏறிக்கொண்டிருப்பவர்கள் மேல். 15,000 அடிக்கு மேல் காற்று மெல்லியது, குண்டு அட்டவணை சொல்வதைவிடத் தூரம் போகும். ஆரம்ப நாட்களில் பீரங்கிக்காரர்களும் மலையிடம் பாடம் படித்தார்கள் என்றார்.

"அப்படியானால் பக்கத்தில் போடச் சொல்ல பயமாக இல்லையா?" என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது என்று அவர் முகம் சொன்னது. ஆனாலும் பதில் சொன்னார்.

"விழும்போது பயம் இல்லை. நின்றதும்தான் பயம். விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் மேலே இருப்பவன் தலையைத் தூக்க மாட்டான். நின்ற மறுநிமிடம் தூக்குவான். கடைசிக் குண்டு விழுந்த இடத்துக்கும் நான் படுத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறதே, அதை நான் ஓடிக் கடக்க வேண்டும். அந்த உயரத்தில் ஓட்டமா? நாலடி வைத்தால் நெஞ்சு அடைக்கும். அதனால் தள்ளிப் போடு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போடு, இன்னும் கொஞ்சம் கீழே போடு, இதுதான் கேட்டோம்."

பிறகு, "நீங்கள் சுட்ட குண்டு விழுந்ததை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இல்லை. இரண்டு ஆண்டுகள் பீரங்கியோடு படுத்து எழுந்திருக்கிறேன். ஏறத்தாழ 43 கிலோ எடையுள்ள குண்டுகள் எத்தனை என் கண்ணெதிரே குழலுக்குள் போயின என்று கணக்கில்லை. ஒன்றுகூட விழுந்து பார்த்ததில்லை.

13 ஜூலை, காலை 6:40

தூக்கம் வரவில்லை. சம்பந்தி சொன்னதை வைத்துப் பார்த்தால் கேள்வி கேட்ட வாசகரும் நானும் ஒரே தவற்றைச் செய்திருக்கிறோம். இருவரும் மீட்டரை அளந்துகொண்டிருந்தோம். ஓட வேண்டியவன் நிமிடத்தை அளக்கிறான். 200 மீட்டர் பாதுகாப்பானது என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்கு அது 200 மீட்டர் வெட்டவெளி.

முதல் உலகப் போரிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். 1917 ஏப்ரல் 9, பிரான்சின் விமி முகடு. கனடியக் காலாட்படைக்கு முன்னால் குண்டுத்திரை, அதாவது வரிசையாக விழும் பீரங்கிக் குண்டுகள், மூன்று நிமிடத்துக்கு 100 கஜம் என்ற வேகத்தில் நகர்ந்தது. அதை ஒட்டியே நடக்க அவர்களுக்கு முன்கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கினால் எதிரி பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திவிடுவான். தன் குண்டில் சிலர் அடிபடலாம் என்பது தெரிந்தே நடந்தார்கள்.

13 ஜூலை, மாலை 5:15

திருத்தம். முன்னிலைக் கண்காணிப்பாளராக இருந்த ஒருவர் தனிச்செய்தி அனுப்பி என் காதைத் திருகியிருக்கிறார். 6ஆம் தேதி காலையில் எழுதிய பக்கவாட்டு விதி முழுமையில்லை.

குண்டின் உறை வெடிக்கும்போது துண்டுகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போவதில்லை. பெரும்பகுதி குண்டின் இரு விலாப்புறமாகத் தெறிக்கும். சாய்வாக வந்து விழும் குண்டு, தன் பாதைக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோலத் துண்டுகளை வீசும். ஆகவே பீரங்கி உங்களுக்குப் பின்னால் இருந்தால் தூரப்பிழை உங்கள் மேல், துண்டுகள் இடவலமாக. பக்கவாட்டில் இருந்தால் தூரப்பிழை உங்களை விட்டு விலகி, இறக்கை மட்டும் உங்கள் பக்கம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று உதைக்கிறது.

பீரங்கியடியில் நின்றவனுக்கு இது தோன்றாது என்று நண்பர் எழுதியிருக்கிறார். வலித்தது, ஆனால் சரி. இருந்தாலும் எனக்குத் தேர்வு கொடுத்தால் பக்கவாட்டையே எடுப்பேன். தெரிந்த துண்டுகளுக்குப் படுத்துக்கொள்ளலாம். எந்தக் குண்டு குறைந்து விழும் என்று தெரியாதவன் எங்கே படுப்பான்?

16 ஜூலை, மதியம் 1:05

"சமாதான நாட்டில் பயிற்சிப் பீரங்கி யாரைக் கடித்தது?" என்று நக்கலாகக் கேட்டவருக்கு மட்டும். 1997 மார்ச் 9, வையூரு. எஃப்.எச்.2000 பீரங்கியின் குழலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. நம் தேசிய சேவையாளர் இருவர் இறந்தார்கள், 12 பேர் காயமடைந்தார்கள். காரணம் பழுதான ஃபியூஸ் (குண்டை வெடிக்க வைக்கும் கருவி) என்று விசாரணையில் தெரிந்தது. கோணம் வைத்தவர் மேலும் பிழை இல்லை, குண்டை ஏற்றியவர் மேலும் பிழை இல்லை. எனக்குத் திருமணமான புதிது. செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி சோற்றைப் போட்டுவிட்டு இரண்டு முறை கூப்பிட்டாள். நக்கலை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

19 ஜூலை, இரவு 9:45

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். 1943இல் இந்த ஊரில்தான் நேதாஜி தலைமை ஏற்றார், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆனால் 1944இல் இம்பால் பக்கம் போன அந்தப் படைக்குச் சொந்தப் பீரங்கி கிடையாது. எதிரே இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு அது குறைவில்லாமல் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கோஹிமா முற்றுகையில், இரண்டு மைல் தள்ளி ஜொட்சோமாவில் இருந்த பீரங்கிகள்தான் உள்ளே மாட்டிக்கொண்ட காவற்படையை ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கிப் பிடித்தன. ஒரு டென்னிஸ் மைதானத்தின் இந்தக் கரையில் அவர்கள், அந்தக் கரையில் ஜப்பானியர். டென்னிஸ் மைதானம் எவ்வளவு அகலம் என்று கேள்வி கேட்ட வாசகர் அளந்து பார்க்கட்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் புளோக்கின் தரைத்தளத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். பர்மா வரை நடந்து போய்த் திரும்பி வந்தவர். வாயில் எப்போதும் வெற்றிலை. குண்டு விழும்போது நம்முடையதா அவர்களுடையதா என்று எப்படித் தெரியும் தாத்தா என்று கேட்டோம்.

"நம்முடையது என்று ஒன்று இருந்தால்தானே குழப்பம்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அது நகைச்சுவை இல்லை என்பது எனக்கு 20 வயதில், பீரங்கிக்குப் பின்னால் நின்றபோதுதான் உறைத்தது.

20 ஜூலை, காலை 8:02

கேள்வி கேட்டவர் கோபமாக இருக்கிறார். "உண்மையா பொய்யா என்று ஒரு வரியில் சொல்லாமல் தோட்டம், தாத்தா, சம்பந்தி என்று இழுக்கிறீர்கள்."

ஒரு வரி: உண்மை. ஆனால் அவர்கள் சொல்லும் 50 மீட்டரை யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை. 50 என்பது 30ஆகவும் இருக்கும், 120ஆகவும் இருக்கும்.

இரண்டாவது வரி: எல்லாப் பேட்டியும் உண்மை என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. நீங்கள் கேட்பது சரியாக விழுந்த குண்டுகளின் கதைகளை மட்டும்தான்.

27 ஜூலை, இரவு 10:30

எதிர்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நேற்று சம்பந்திக்கு இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்தவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எழுதலாமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார்.

அவர்களுக்கு அது 'ஷெல்'. முகாமில் சுடும் ஓசைக்குக் குத்துச்சத்தம் என்று பெயர். குத்துச்சத்தம் கேட்டதும் அம்மா எண்ணத் தொடங்குவாராம். எந்த எண்ணுக்குள் விழுந்தால் எந்த முகாம், எந்த எண்ணைத் தாண்டிவிட்டால் இன்றைக்கு நமக்கில்லை என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் பங்கர். பனங்குற்றியை அடுக்கி மேலே மண்மூட்டை. மழைக்காலத்தில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், பாம்பு இருக்கிறதா என்று தடியால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்குவார்கள்.

அக்கா சம்பந்தியைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் போடச் சொல்லுவீர்களாம். நாங்கள் யாரிடம் நிறுத்தச் சொல்லுவது அண்ணா?"

சம்பந்தி எழுந்து நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் இடியாப்பத் தட்டை வாங்கிக்கொண்டார். அக்காவும் அதை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

என்னிடமும் பதில் இல்லை. எங்கள் பயிற்சியில் ஆபத்து என்று கண்டால் கடைசிச் சிப்பாய்கூடச் சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தலாம், உடனே நிறுத்துவார்கள். அந்த அதிகாரம் பீரங்கியின் இந்த முனையில் இருப்பவர்களுக்குத்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை.

28 ஜூலை, காலை 7:12

மேலே நடந்துகொண்டிருக்கும் அரசியல் சண்டைக்கு நான் வரவில்லை. அக்கா இதைப் படிக்கிறார். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

10 ஆகஸ்ட், காலை 9:00

நேற்று தேசிய தினம். எங்கள் வீடு பீச் ரோடு பக்கம், பாடாங்கில் நடப்பது காதில் விழும். அதிபருக்கான மரியாதை வேட்டு தொடங்கியதும் தாழ்வாரத்தில் எல்லாரும் வந்து நின்றோம். அந்தச் சடங்குக்கு இன்றும் பழைய 25 பவுண்டர் பீரங்கிதான், வெற்று வேட்டு. சம்பந்தி தேநீரோடு வந்தார், அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். என் பேரன் காதைப் பொத்திக்கொண்டு குதித்தான்.

முடிந்ததும் அக்கா "இருபத்தொன்று" என்றார். சம்பந்தி "இருபதுதான்" என்றார். அக்கா விடவில்லை. அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றை விட்டுவிட்டார் என்றார். சம்பந்தி, தேநீர் ஆற்றும்போதும் தன் காது வேலை செய்யும் என்றார். இரண்டு பேரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள், பீரங்கிப் படைக்காரன் ஆயிற்றே.

நான் எண்ணவே இல்லை.